உன் பக்கத்துத் துடுப்பு

கரையில் எனக்குச் சம்பந்தியம்மாவாகவும், தண்ணீரில் இறங்கியதும் வெறும் வசந்தாவாகவும் இருந்தவளே,

இதை நான் தண்ணீரில் உட்கார்ந்து எழுதுவதாக வைத்துக்கொள். அதனால்தான் ‘நீ’ என்கிறேன். என் பெண் சுபாவை உன் பிள்ளைக்குக் கொடுத்த நாளிலிருந்து, வீட்டிலும் கடைத்தெருவிலும் கோவிலிலும் நமக்குள் ‘வாங்க, உக்காருங்க, சாப்ட்டீங்களா’ தான். படகு கரையை விட்டு இரண்டு முழம் நகர்ந்ததும், பின்னாலிருந்து நீதான் முதலில் “ஏ அலமு” என்றாய். எனக்குச் சிரிப்பு வந்து துடுப்பையே விட்டுவிட்டேன். திரும்பிக் கரையில் கால் வைத்ததும் மறுபடி, “பாத்து எறங்குங்க சம்பந்தியம்மா, பாசி வழுக்கும்.” இப்போது நீ இருக்கிற இடம் கரையா, தண்ணீரா? எதுவானாலும் கோபித்துக்கொள்ளாதே.

பக்கத்தில் நின்று படிக்கிறவர்களும் படிக்கட்டும். ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை. நாம் சேர்ந்து வாங்க நினைத்த படகை நான் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கேட்க வேண்டியவள் நீ ஒருத்திதானே?

நம் பழைய ரப்பர் படகு போய்விட்டது. நீ ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், மாடிப்படிக்குக் கீழே மடித்து வைத்திருந்ததை எலி கடித்துவிட்டது. ஒரு ஓட்டையாக இருந்தால் ஒட்டியிருப்பேன். மடித்த நிலையில் கடித்ததால் ஒவ்வொரு மடிப்பிலும் ஓட்டை. பிரித்துப் பார்த்தால், சின்ன வயதில் காகிதத்தை மடித்துக் கத்தரித்துக் கோலம் செய்வோமே, அதைப் போல வரிசையாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. “படகு எப்படி இருக்கு?” என்று நீ கேட்டபோது, “நல்லா இருக்கு, நீங்க எழுந்து வாங்க” என்றேன்.

அது எப்படி வந்தது என்று நம் சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே வரும் எங்கள் சந்தில், எங்கள் மாடி அறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தங்கியிருந்தாள். ஆசிரமத்தில் தியானம் செய்ய வந்தவள். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் இடமில்லை என்று காற்றடிக்கிற படகையும் இரண்டு துடுப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பழைய பேப்பர்காரனுக்குப் போடலாம் என்றார் எங்கள் வீட்டுக்காரர். அன்றைக்கு நீ பேத்தியைப் பார்க்க வந்திருந்தாய். “குடுத்தவ மனசு நோவும். ஒரு தடவையாவது தண்ணில போட்டுடுவோம்” என்றாய். அந்த ஒரு தடவை நாலு வருஷம் ஓடியது.

உன் பிறந்த ஊர் ஏரியில், மழை நன்றாகப் பெய்த வருஷம். சுபாவின் பழைய சுடிதார்களைப் போட்டுக்கொண்டு நாம் இரண்டு பேரும் மதகுப் பக்கம் இறங்கியதை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது. எனக்கு முன் இருக்கை, உனக்குப் பின் இருக்கை. எந்தப் பக்கம் போவது என்று நீ கேட்டாய். இதில் கேட்க என்ன இருக்கிறது? மலையைச் சுற்றிப் பழகின நம் ஊர்க்காரர்கள் எதையும் வலமாகத்தான் சுற்றுவோம். ஏரியின் நடுவை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, கரையோரமாக ஒரு முழுச் சுற்று. அதன் பிறகு எத்தனை முறை போனோமோ, அத்தனை முறையும் அப்படித்தான். நான் இடது பக்கம் துடுப்பு போடுவேன், நீ வலது பக்கம் போட்டு நேராக்குவாய். ஒரு நாளும் மாற்றியதில்லை. இந்த வழக்கம் என்ன செய்து வைத்திருக்கிறது என்று பின்னால் சொல்கிறேன்.

ஏரி அலுத்துப்போய் நீ பெரிய ஆசை ஒன்றை எடுத்தாய். புதுப் படகு ஒன்று சேர்ந்து வாங்கி, மரக்காணம் பக்கத்து உப்பங்கழியில், தை மாதத் தண்ணீரில், ஒரு பகல் போய், கரையோர ஊரில் தங்கி, மறுநாள் திரும்புவது. “ரெண்டு பேருக்கும் கல்யாணத்துக்கப்புறம் வீட்டுக்காரங்க இல்லாம வெளிய தங்கினதே இல்ல, யோசிச்சுப் பாத்தியா அலமு?” என்றாய். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது யோசித்துப் பார்த்தேன். இல்லைதான்.

நீ ஆடியில் போனாய். இப்போது மார்கழி.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்லட்டுமா? வாசல் தெளித்துக் கோலம். மாடி அறை இரண்டிலும் ஆட்கள். அவர்களுக்குக் காலை டிபன். இவருக்குச் சர்க்கரை, அதனால் நேரம் தவறக் கூடாது. சுபா வேலைக்குப் போகுமுன் பேத்தியைக் கொண்டுவந்து விடுகிறாள். மத்தியானம் சாப்பாடு, பாத்திரம், துணி. சாயங்காலம் விளக்கேற்ற வீட்டில் நான் இருக்க வேண்டும். யாரும் என்னை அதட்டுவதில்லை. எல்லோரும் நல்லவர்கள். “பாவம், சம்பந்தி போனதிலிருந்து அலமேலு வெளியவே வர்றதில்ல” என்று வருத்தப்படுகிறார்கள். வருத்தப்பட்டுக்கொண்டே “சாயங்காலம் எங்க குழந்தையையும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?” என்கிறார்கள்.

வீட்டுச் செலவை எழுதுகிற மாதிரி ஒரு நாள் என் நேரத்தை எழுதிப் பார்த்தேன். எனக்கென்று ஒதுக்கியது எங்கே என்று தேடினேன். கோவிலுக்குப் போனது இருந்தது. அதையும் பார்த்தால், பிரசாதம் வாங்கி வரச் சொல்லி மாடியிலிருந்து யாரோ கேட்டு அனுப்பியது. உன்னோடு ஏரிக்குப் போன நேரத்தை மட்டும்தான் இத்தனை வருஷத்தில் யாருடைய பேரிலும் எழுத முடியவில்லை.

அதனால்தான் சொல்லிவிட்டேன். கார்த்திகை தீபக் கூட்டமெல்லாம் கலைந்து ஊர் மூச்சுவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, சாம்பாரை ஊற்றிக்கொண்டே, “நான் ஒரு படகு வாங்கலாம்னு இருக்கேன். மாடி வாடகையில எடுத்து வெச்சிருக்கேன். தையில உப்பங்கழிக்குப் போறேன்” என்றேன்.

சாம்பார் ஊற்றின கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தாராளமா வாங்கு. ரெண்டு சீட்டு இருக்கறதா வாங்கு. நான் வரேன்” என்றார் இவர்.

“முழங்கால் மடங்காதவர் படகுல எப்படிப்பா உக்காருவீங்க?” என்றாள் சுபா. “நான் வரேம்மா. அத்தை சீட்ல நான் உக்கார்றேன்.”

“உனக்கு லீவு?”

“ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்மா.”

அந்த ‘ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமை’ எனக்குத் தெரியும் வசந்தா. பேத்திக்குக் காய்ச்சல் இல்லாத, மாப்பிள்ளைக்கு வேலை இல்லாத, சொந்தத்தில் யாருக்கும் சீமந்தமோ காரியமோ இல்லாத ஞாயிற்றுக்கிழமை. தை போய்விட்டால் கழியில் தண்ணீர் இறங்கும், அப்புறம் சேறுதான். அடுத்த தைக்கு என் முழங்கால் இவர் முழங்கால் மாதிரி ஆகிவிட்டால்? இரண்டு இருக்கை என்றால் ஒவ்வொரு முறையும் இன்னொருவரின் சம்மதத்துக்காகப் படகு கரையில் காத்திருக்கும். நான் எப்போதும் காத்திருக்கிறேனே, அந்த மாதிரி.

அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை. உன் இடத்தில் யாரையும் உட்கார்த்த எனக்கு மனசில்லை. அதே சமயம் அந்த இடமே இல்லாத படகை வாங்கவும் மனசில்லை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றேன்.

நான் எதையும் படித்துத் தெரிந்துகொள்கிறவள், உனக்குத் தெரியும். பேத்தி தூங்குகிற நேரத்தில் போனில் படகுப் படங்களாகப் பார்த்தேன். மேலே திறந்த படகு இருக்கிறது, பார்க்க ஏணை மாதிரி. அகலமான கழியில் கடற்காற்று வந்தால் அலை ஏறி மடியில் கொட்டும். கடைசியாக நாம் ஏரியில் நனைந்து போனோமே, மாற்றுத் துணியும் சேர்ந்து நனைந்ததே, அந்தக் கதைதான். இன்னொன்று, முன்னும் பின்னும் மேலே மூடி, நடுவில் ஒரு ஆள் உட்கார மட்டும் திறப்பு விட்டது. கயாக் என்கிறார்கள். அலை மூடியின் மேல் ஏறி அப்படியே வழிந்துவிடும். மூட்டை உள்ளே காய்ந்திருக்கும். தண்ணீரில் தங்கப் போகிறவர்களுக்கு அதுதான் சரி.

படத்தை இவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “என்னடி இது, பாடை மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த உன் படத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், அவரும் உன் கைக் காப்பியைக் குடித்தவர்தான்.

எடை எனக்குக் குழப்பமாக இல்லை. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தை இடுப்பில் வைத்து ஸ்டோர் ரூம் வரை கொண்டுபோவேன். அதற்கு மேல் முடியாது. ஆகவே படகு அந்தச் சிப்பத்துக்குள் இருக்க வேண்டும். அகலமும் குழப்பமில்லை, பழகுகிறவளுக்குக் கொஞ்சம் அகலம் வேண்டும். குழப்பம் நீளத்தில் வந்தது. நீ சிரிக்கப் போகிறாய்.

வேங்கிக்காலில் உங்கள் புது வீடு கட்டினபோது நான் ஆடின ஆட்டம் நினைவிருக்கிறதா? மேஸ்திரி ஹாலைப் பதிமூன்று அடி என்று கயிறு கட்டினார். மனையடி சாஸ்திரத்தில் பதிமூன்று பகை. நான் விடவில்லை. நீ சமாதானம் பேசினாய்: “வெளிய அளந்தா பதினாலு, உள்ள பதிமூணு. சுவத்து நடுவுல அளந்து பதிமூணரைன்னு வெச்சுக்கலாமே சம்பந்தியம்மா?” நான் ஒரே பிடியாக நின்றேன்: “உள்ளளவுதான் கணக்கு. மனுஷன் குடியிருக்கறது உள்ள. சுவத்துக்குள்ள யாரும் குடியிருக்கல.” ஹாலைப் பதினொன்றாகக் குறைத்தார்கள். அதன் பிறகு சோபா போட்டதும் நடக்க வழியில்லை. “பகை வரும்னு ரெண்டடிய வெட்டின. இப்ப தெனம் கால் இடிச்சு ஆளாளுக்குப் பகை” என்று ஏரி நடுவில் நீ சொன்னபோது, படகு கவிழ்கிற அளவுக்குச் சிரித்தோம். ஆனாலும் நான் நம்புகிறவள்தான். இன்றைக்கும் இந்தச் சந்தில் யார் அறை கட்டினாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கட்டுகிறார்கள்.

ஒற்றை ஆள் மூடிய படகெல்லாம் எத்தனை அடி தெரியுமா? பன்னிரண்டு முதல் பதினைந்துக்குள். சாஸ்திரத்தில் பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு, பதினைந்து, ஒன்றுகூடத் தேறாது. பத்து நல்லது, ஆடு மாடு பெருகும் என்று போட்டிருக்கிறது. பத்தடிப் படகு கட்டையாக இருக்கும், நேராக ஓடாது, தவிர ஆடு மாட்டை நான் படகில் எங்கே கட்டுவேன்? அடுத்த நல்ல அளவு பதினாறு. செல்வம் சேரும். பதினாறு அடியில் இருப்பது இரண்டு இருக்கைப் படகு.

இவருக்கு ஒரே கொண்டாட்டம். “பாத்தியா! சாஸ்திரமும் ஆச்சு, தொணையும் ஆச்சு. உன் சாமியே சொல்லிடுச்சு.”

“அப்பா சொல்றதுல தப்பு இல்லம்மா” என்றாள் சுபா. “பதிமூணுனு எங்க ஹாலையே வெட்டின. நீயே பதிமூணரை அடில படகு வாங்கினா தெருவுல ஒருத்தர் விடுவாங்களா?”

என் நம்பிக்கையே எனக்கு எதிராகத் திரும்பி அவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டது. மற்றவர்கள் பூட்டினால் சண்டை போடலாம். நானே பூட்டின பூட்டுக்கு யாரிடம் சாவி கேட்பேன்?

போன வாரம் உன் பிள்ளை என்னை உப்பங்கழிக்குக் கூட்டிப் போனார். நானாகக் கேட்கவில்லை. “வாங்கறதும் வாங்காததும் அப்புறம். போய்ப் பாத்துட்டு வந்துடலாம் அத்தை” என்றார். அம்மா இறந்து வருஷம் திரும்பாத, எந்த விசேஷத்துக்கும் போகாத வீடு. வண்டியில் பாட்டுப் போடாமல் வந்தார். திண்டிவனம் தாண்டினதும், “அம்மா ரொம்ப ஆசப்பட்டாங்க இல்ல?” என்று மட்டும் கேட்டார். “ம்” என்றேன். வெளியே உப்பளம் வந்துவிட்டது.

கழிக்கரையில் படகு விற்கிறவர் மூன்று படகைக் கீழே இறக்கி வைத்திருந்தார். பத்தடி ஒன்று, பதினாறு அடி இரண்டு இருக்கை, நடுவில் பதிமூன்றரை அடியில் மூடின ஒற்றை ஆள் படகு. மஞ்சள் நிறம். நீ வேண்டாம் என்று சொல்லியிருக்கவே முடியாத மஞ்சள். நான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பதினாறு அடிக்கு விலை கேட்டேன்.

“யார் கூட வருவாங்கம்மா?” என்றார் கடைக்காரர்.

“யாராவது வருவாங்க.”

“தனியா போறதா இருந்தா இது வேணாம்மா. பின்னாடி ஆள் இல்லாம காத்துல உங்க பேச்சே கேக்காது. அந்த மஞ்சள்தான் உங்க ஒடம்புக்குச் சரி.”

“அது பதிமூணரை” என்றேன்.

“அதுக்கு?”

நான் சொல்லத் தயங்கினேன். உன் பிள்ளை சொல்லிவிட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். தலையைச் சொறிந்துகொண்டு, “இத நான் இதுவரைக்கும் கேட்டதில்லம்மா” என்றார்.

அப்போதுதான் உன் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு மஞ்சள் படகின் பக்கத்தில் உட்கார்ந்தார். திறப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தார். “அண்ணே, உள்ள குறுக்க ஒரு சுவர் இருக்கே, அது என்ன?”

“முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. தண்ணி பூந்தா மொத்தப் படகும் நெறையாம இருக்கறதுக்கு. அந்த ரெண்டு அறைலயும் மூட்டை வெக்கலாம். ஆள் இருக்கறது நடுவுல.”

“டேப் குடுங்க” என்றார் உன் பிள்ளை. என் பக்கம் திரும்பி, “எங்க வீட்டுக்கு ஒரு நியாயம், படகுக்கு ஒரு நியாயமா அத்தை? உள்ளளவுதான் கணக்கு, மனுஷன் குடியிருக்கறது உள்ளேனு சொன்னது யாரு?”

குரல் உன்னுடையதுதான். அந்த ‘யாரு’வை நீ இழுக்கிற மாதிரியே இழுத்தார். சுவருக்குச் சுவர் டேப்பைப் பிடித்தார்கள். ஆறடி. சாஸ்திரம் ஆரம்பிக்கிறதே ஆறடியில்தான்; முதல் வரியே நன்மை. அகலம் ஆறுக்குக் கீழே. அதைப் பற்றிச் சாஸ்திரம் வாயே திறக்கவில்லை. திறந்த படகாக இருந்திருந்தால் சுவர் ஏது, உள்ளளவு ஏது? எது என்னை மூடிவிடுமோ என்று நான் பயந்தேனோ, அந்த மூடின படகுதான் கணக்கில் நேராக வந்தது.

நான் குறுக்கு வழி பார்த்தேனா வசந்தா? சாமியை ஏமாற்றினேனா? உன் ஹாலுக்குச் சொன்ன அதே சட்டம்தானே, ஒரு எழுத்து மாற்றவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் அந்த இடத்திலேயே தெரிந்தது. டேப்பைச் சுருட்டினதும் எனக்கு நிம்மதி வரவில்லை. அதுவரை அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். இனிமேல் ஒளிய இடமில்லை. ஒரு இருக்கை மட்டும்தான் மிச்சம்.

உட்கார்ந்தேன். கால் இரண்டும் மூடிக்கு அடியில் இருட்டுக்குள் போனது. என் காலை என்னால் பார்க்க முடியவில்லை. அலை ஏறாமல் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு துணியை மாட்டி, திறப்பின் விளிம்போடு இழுத்து விடுவார்களாம். அதை வேண்டாம் என்று கத்தியே விட்டேன். அது இல்லாமலே மூச்சு முட்டியது. வீட்டில் ஒவ்வொரு அறையும் எனக்குச் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று இங்கே வந்தால், இது என் இடுப்பளவுக்குச் சுருங்கின அறை. ‘அருணாசலா’ என்றேன். கடைக்காரர் தள்ளிவிட்டார்.

கையில் கொடுத்த துடுப்புக்கு இரண்டு முனையிலும் மட்டை. நடுவில் பிடித்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட வேண்டும். நான் வழக்கம்போல இடது பக்கம் போட்டேன். மறுபடி இடது. படகு வலது பக்கம் திரும்பியது. இன்னும் ஒன்று போட்டேன், இன்னும் திரும்பியது. முழுசாக ஒரு வட்டம் அடித்து அதே இடத்துக்கு வந்தேன். மறுபடி ஒரு வட்டம். நாலு வருஷம் வலமாகவே சுற்றி, இடது பக்கமே போட்டுப் பழகின கைக்கு வேறு எதுவும் தெரியவில்லை. நீ பின்னால் இருந்து நேராக்கியதால் நான் துடுப்பு போடத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரையிலிருந்து உன் பிள்ளை கத்தினார். “அத்தை! என்ன, நடுக் கழியில கிரிவலமா?”

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை இல்லை. பிறந்ததிலிருந்து எந்தத் தெருவில் நின்றாலும் தலையைத் தூக்கினால் மலை இருக்கும். அதை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டால் போகிற வழி சரி. இங்கே வானமும் உப்புத் தண்ணீரும் மட்டும். பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எழுந்தது. படகு கரையை விட்டு விலக ஆரம்பித்தது.

“வலது பக்கம் போடுங்கம்மா! வலது!”

எனக்குக் கேட்டது. போட முடியவில்லை. வலது பக்கம் உன்னுடையது. இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஒரு அலை வந்து மூடியின் மேல் ஏறி, திறப்பின் விளிம்பு வரை வந்து, இரண்டு பக்கமும் வழிந்து போனது. மடியில் சில துளிகள்தான். இன்னொரு அலை வந்தது. அதுவும் வழிந்தது. என்னைச் சிறை வைத்த மாதிரி இருந்த அந்த மூடிதான் என்னைக் காய வைத்திருந்தது. மூன்றாவது அலைக்கு முன்னால், “வசந்தா, கோவிச்சுக்காத” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, உன் பக்கத்தில் துடுப்பைப் போட்டேன்.

படகு நேரானது. அவ்வளவுதான். உன் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று. காற்றுக்கு எதிராக, கை வலிக்க வலிக்க, கரைக்கு வந்து சேர்ந்தேன். உன் பிள்ளை முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடித்தார். “பாத்து எறங்குங்க, பாசி வழுக்கும்” என்றார். எங்கே கற்றுக்கொண்டார் இந்த வார்த்தையை? நீ சொல்லிக் கொடுத்தாயா, இல்லை ரத்தத்திலேயே வருமா?

மஞ்சள் படகைத்தான் வாங்கினேன். இடுப்புத் துணியையும் வாங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்வேன். நேற்று வண்டியின் மேல் கட்டிக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கலாம் என்றால் சக்கரம் இல்லை. முன் மூக்குக்கு அடியில் வைத்து, கார் நிறுத்தும் இடத்தில் இரண்டடி நகர்த்தி நசுக்கினோம். பேத்தி கை தட்டினாள். எதிர்வீட்டுக்காரி வந்து, “எத்தன அடி மாமி?” என்று கேட்டாள். “உள்ளளவு ஆறு” என்றேன். அவள் படகைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுப் போனாள். வலமாகத்தான்.

இவர் இன்னும் முழு மனசாக இல்லை. ராத்திரி தங்குவது என்றால் முகம் மாறுகிறது. இன்று காலை காப்பி குடித்துக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி கேட்டார்: “ரெண்டு நாள்னா, சாயந்தரம் வெளக்கு?”

“ஏத்தணும்.”

“யாரு?”

நான் என் டம்ளரைக் கழுவினேன்.

“சரி, நானே ஏத்தறேன். திரி எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? எண்ணெய் எந்த டப்பால?”

முப்பது வருஷமாக ஒரே அலமாரி, ஒரே தட்டு. அவருக்குத் தெரியாதது அவர் தப்பு என்றுதான் வாயில் வந்தது. யோசித்தால், ஒரு நாளும் நான் காட்டியதில்லை. காட்டவா வசந்தா? காட்டிவிட்டால், நான் இல்லாமலும் இந்த வீட்டில் விளக்கு எரியும் என்று ஆகிவிடும். அதையும் தாங்க முடியுமா எனக்கு? நீ இல்லாமல் உன் வீட்டில் விளக்கு எரிகிறது. சுபா ஏற்றுகிறாள். நன்றாகத்தான் எரிகிறது.

இன்றைக்குப் பௌர்ணமி. செங்கம் ரோட்டில் தடுப்பு போட்டுவிட்டார்கள். எங்கள் சந்தில் வண்டி உள்ளே வர முடியாது, வெளியே போக முடியாது. கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம். திறந்தால் கூட்டம் உள்ளே உட்கார்ந்துவிடும். மலையைச் சுற்றுகிற கால்களின் சத்தம் மத்தியானத்திலிருந்தே கேட்கிறது. நான் கார் நிறுத்தும் இடத்தில், தரையில் கிடக்கிற படகுக்குள் கால் நீட்டி உட்கார்ந்து, மூடியின் மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். கேட் பூட்டியிருக்கிறது, படகு மூடியிருக்கிறது, உள்ளே நான். சிரிக்காதே. இவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். “எங்க போய்ட்டிருக்க?” என்றார். “இன்னும் கெளம்பல” என்றேன்.

தையில் போவேன். உறுதி. அதற்கு முன்னால் உன் ஊர் ஏரியில் இடமாகத் திரும்பக் கற்றுக்கொள்வேன். முதல் சுற்று உனக்காக வலமாக, அதன் பிறகு எனக்காக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். திரி எங்கே இருக்கிறது என்று நாளைக்கே இவருக்குக் காட்டுவேன். கழியில் இறங்கின பிறகு, கரை விலகினதும், ‘ஏ வசந்தா’ என்று ஒரு தடவை கூப்பிடுவேன். பதில் வராது, தெரியும். உன் பக்கத்துத் துடுப்பையும் நான்தான் போட வேண்டும். போடுவேன்.

பெண்ணை உன் வீட்டுக்குக் கொடுத்து, உன்னை எனக்குத் துணையாக வாங்கிக்கொண்ட
உன் சம்பந்தி,
அலமு